பினாங்கில் கடலை, பயறு பயிரிடுவோருக்கு அரசு உதவி: நிலக் கிரான் முதல் அறுவடை வரை

நெல் போடுகிறவருக்குக் கிடைக்கும் மானியம் கடலை, பயறு போடுகிறவருக்கும் உண்டா? செபராங் பிறை பக்கம் ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ வைத்திருக்கும் நம்மவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். அதே மாதிரியான மானியம் கிடையாது. நெல்லுக்கு 1979 முதல் உர உதவி இருக்கிறது. விற்கும் நெல்லுக்கு டன் கணக்கில் விலை மானியமும், அரசு உறுதிசெய்த குறைந்தபட்ச விலையும் இருக்கின்றன. நிலக்கடலை, பச்சைப்பயறு, உளுந்து, தட்டைப்பயறு, சோயா ஆகிய எதற்கும் மலேசியாவில் டன்னுக்கு இவ்வளவு என்று பணம் தரும் திட்டம் இல்லை.

அதற்காக உதவியே இல்லை என்று விட்டுவிட வேண்டாம். பயறு வகை என்ற பெயரில் தேடினால் எதுவும் அகப்படாது. குறுகிய காலப் பயிர், இளம் விவசாயி, சமூகத் தோட்டம் போன்ற தலைப்புகளின் கீழ்தான் உதவி வருகிறது. பெரும்பாலும் அது பணமாக வராமல் விதை, சுண்ணாம்பு, உரம், கருவி என்று பொருளாக வருகிறது. விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்குப் பயிர் காரணமாக இருப்பது குறைவு. நிலத்தின் தாளில் உள்ள குறைகளே அதிகம் காரணமாகின்றன. அதனால் மண்ணில் கை வைக்கும் முன் தாளைச் சரிசெய்யுங்கள். பொருள் எந்த மாதம் கைக்கு வரும் என்று கணக்குப் போட்ட பிறகு விதையுங்கள். இந்த இரண்டுக்கும்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எந்தத் தலைப்பில் கேட்பது

விவசாய இலாகாவின் பயிர்ப் புள்ளிவிவரத்தில் நிலக்கடலைக்குத் தனி வரி உண்டு. 'காச்சாங் தானா' என்ற பெயரில் மக்காச்சோளம், மரவள்ளி, சக்கரைவள்ளி ஆகியவற்றோடு அது நிற்கும். அலுவலகப் பேச்சில் இந்தக் கூட்டத்துக்கு 'தானாமான் கொந்தான்' என்று பெயர். சில மாதங்களில் அறுத்துக் காசாக்கும் பயிர்கள் என்று பொருள். பயற்றங்காய் காய்கறிப் பட்டியலில் இருக்கிறது. பச்சைப்பயறும் உளுந்தும் இங்கே மிகக் குறைவாகவே பயிராவதால், படிவத்தில் அவற்றை மட்டும் எழுதினால் எந்த ஒதுக்கீட்டில் சேர்ப்பது என்று அதிகாரியே தடுமாறுவார். முதல் ஆண்டு நிலக்கடலையை முதன்மைப் பயிராகவும், பயறைச் சுழற்சிப் பயிராகவும் காட்டுங்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஒரே நிலத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவது மண்ணுக்கும் நல்லதுதான்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். செம்பனை, ரப்பர் தோட்டங்களில் கன்றுகளுக்கு இடையே தரையை மூடப் படரவிடும் கொடிகளும் அவரைக் குடும்பம்தான். ஆனால் அவை மண்ணுக்கு நைட்ரஜன் சேர்க்கப் போடும் மூடுபயிர், தானியப் பயிர் அல்ல. மறுநடவு உதவியில் மூடுபயிருக்கு வருவதைக் கடலைக்கு வரும் உதவி என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். இளம் செம்பனைக்கு இடையில் முதல் இரண்டு ஆண்டுகள் வெயில் நன்றாக விழும்வரை கடலையை ஊடுபயிராகப் போடலாம். அப்படிப் போட எண்ணினால் செம்பனை வாரியத்தின் அலுவலரிடம் ஊடுபயிர் உதவி பற்றித் தனியாகக் கேளுங்கள். விவசாய இலாகாவில் கொடுக்கும் விண்ணப்பத்தோடு அதைக் கலக்க வேண்டாம்.

நீங்கள் 18 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்டவராக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இளம் வேளாண் தொழில்முனைவர் மானியம். மலாயில் 'கெரான் அக்ரோபிரனர் மூடா', சுருக்கமாக காம். விவசாய, உணவு உத்தரவாத அமைச்சின் திட்டம் இது. உச்சவரம்பு 20,000 ரிங்கிட், விண்ணப்பம் இணையம் வழியாக. இந்தத் தொகையும் கருவியாகவும் இடுபொருளாகவும்தான் கைக்கு வரும். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு மாவட்ட விவசாய அலுவலகத்தின் இடுபொருள் உதவியும், பின்னால் சொல்லப்போகும் கடன் திட்டங்களும் இருக்கின்றன. வீட்டில் மகனோ மகளோ உண்மையாகவே அந்த நிலத்தில் உழைக்கிறார்கள் என்றால் அவர்கள் பெயரில் கேட்கலாம். நிலத்தில் காலே வைக்காத பிள்ளையின் பெயரை மட்டும் எழுதுவது ஆபத்து. அதிகாரி நேரில் வந்து நாலு கேள்வி கேட்டால் வெளுத்துவிடும். அதன் பிறகு அந்தப் பெயரில் இன்னொரு விண்ணப்பம் போடுவதே சிரமம்.

நிலத்தின் தாள்

விண்ணப்பத்துக்கு உயிர்நாடி இதுதான். நிலம் உங்கள் கையில் எந்த வகையில் இருக்கிறது என்று முதலில் தெளிவாகுங்கள்.

சொந்தக் கிரான், அதாவது நில உரிமைப் பத்திரம், இருந்தால் நில அலுவலகத்தில் அதிகாரப்பூர்வத் தேடல் ஒன்று எடுங்கள். 'சாரியான் ரஸ்மி' என்று கேட்டால் கொடுப்பார்கள். செபராங் பிறை தெற்குக்குச் சுங்கை ஜாவி, மத்திக்கு புக்கிட் மெர்தாஜாம், வடக்குக்குக் கெப்பாலா பத்தாஸ். அந்தத் தாளில் மூன்று இடங்களைப் பாருங்கள். நிலத்தின் வகை விவசாயமா, கட்டடமா? 'சியாராட் ஞாத்தா' என்ற நிபந்தனை வரியில் குறிப்பிட்ட பயிர் ஏதாவது எழுதியிருக்கிறதா? 'பாடி' (நெல்) என்று இருந்தால் கடலை போடுவது நிபந்தனைக்கு மாறானது. அப்படியிருந்தால் விண்ணப்பம் போடும் முன்பே நில அலுவலகத்தில் பேசுங்கள். மூன்றாவது, பெயர். அது உங்கள் பெயராக இருக்க வேண்டும். கூடவே மே 31க்குள் கட்ட வேண்டிய நிலவரியின் இந்த ஆண்டு ரசீதையும் நகலெடுத்து வையுங்கள். நிலுவை இருந்தால் அது தேடலிலும் தெரிந்துவிடும்.

நம் குடும்பங்களில் அதிகம் சிக்குவது அந்தப் பெயர் வரியில்தான். கிரான் தாத்தா பெயரில் இருக்கும். தாத்தா இறந்து இருபது ஆண்டு ஆகியிருக்கும். அப்பா, சித்தப்பா, அத்தை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். வாய்வார்த்தையாக 'அந்தப் பக்கம் உனக்கு' என்று பிரித்துப் பயிரும் செய்துகொண்டிருப்பார்கள். அரசுக்கு அந்தப் பிரிவினை தெரியாது. உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தோடு, இறப்புச் சான்றிதழ் நகலும் ஒவ்வொருவரின் அடையாள அட்டை நகலும் இணைத்து, அலுவலகம் ஏற்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒருவர் கையெழுத்து விடுபட்டாலும் கடிதம் பயன்படாது.

நிரந்தரத் தீர்வு, சொத்தைப் பங்கிட்டுப் பெயர் மாற்றுவது. உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் நிலம் இருந்து, மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டாவிட்டால் 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் மனுச் செய்யலாம். வழக்கறிஞர் வைத்து உயர்நீதிமன்றம் போகத் தேவையில்லை. இந்த வரம்பு முன்பு 20 லட்சமாக இருந்தது, 2024 ஜூலையில் உயர்ந்தது. 'பூசாக்கா கெச்சில்' (சிறு சொத்து) பிரிவில் ஏ படிவம் கேளுங்கள். வாரிசுகள் எல்லாரும் ஒத்துப்போனால் வேலை சீக்கிரம் முடியும். ஒருவர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார், இன்னொருவரோடு பேச்சுவார்த்தை இல்லை என்றால் இழுக்கும். கடலை மானியத்துக்காக மட்டும் அல்ல, அடுத்த தலைமுறைக்காகவும் இந்த வேலையை இப்போதே தொடங்குவது நல்லது.

குத்தகை நிலமாக இருந்தால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். மூன்று ஆண்டு வரையான குத்தகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் பதிய வேண்டும். இரண்டுக்கும் வருமான வரி வாரியத்தில் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், கையெழுத்திட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை விண்ணப்பத்தோடு இணைத்துத் திருப்பி வாங்குகிறவர்கள் நிறைய. ஒப்பந்தத்தில் லாட் எண், எத்தனை ஏக்கர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன பயிர் ஆகிய நான்கும் இருக்கட்டும். மானியப் பொருள் வந்த இரண்டாம் மாதத்தில் முடிகிற குத்தகையைக் காட்டினால் யாரும் ஏற்க மாட்டார்கள். குறைந்தது இரண்டு ஆண்டு மீதி இருப்பது நல்லது.

அரசு நிலத்தில் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் வாங்கிப் பயிர் செய்கிறவர்களும் பலர். டிஓஎல் என்றும் எல்பிஎஸ் என்றும் சொல்வார்கள். தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமம் எந்த மாதம் வாங்கினாலும் அந்த ஆண்டின் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிகிறது. ஜனவரியில் விண்ணப்பம் போடுகிறவர் போன ஆண்டு உரிமத்தை இணைத்துவிடுவார். தாள் பழையது என்று அது திரும்பும். புதுப்பித்த ரசீது வந்த பிறகே போடுங்கள். உரிமமே இல்லாமல், ஆற்றோரத்திலோ மின்கம்பி ஓடும் நிலத்திலோ வழிவழியாகப் பயிர் செய்கிறோம் என்பவர்கள் இதில் நுழைய முடியாது. முதலில் உரிமத்துக்கு மனுப் போட வேண்டும். தோட்ட நிர்வாகத்தின் நிலம் என்றால் நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வாயால் சொன்னது போதாது.

பெயரும் பதிவும்

தாள் முடிந்ததும் நிலம் இருக்கும் மாவட்டத்தின் விவசாய அலுவலகத்துக்குப் போங்கள். உங்கள் அடையாள அட்டையில் ஜார்ஜ்டவுன் முகவரி இருக்கலாம். நிலம் நிபோங் திபாலில் என்றால் தெற்கு மாவட்ட அலுவலகம்தான் உங்களுக்கு. விவசாயியாகப் பதிந்துகொள்ளுங்கள். அந்தப் பகுதியின் உழவர் அமைப்பிலும் உறுப்பினராகுங்கள். 'பெர்துபுஹான் பெலாடாங்' என்று கேட்டால் இடம் காட்டுவார்கள். உரம் அங்கே மொத்தமாக வருவதால், மானியம் கிடைக்காத ஆண்டிலும் அந்த உறுப்பினர் அட்டைக்கு வேலை இருக்கும்.

வணிகப் பதிவும் செய்துவிடுங்கள். நிறுவன ஆணையத்தில் தனி உரிமையாளராகப் பதிய, சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வேறு வணிகப் பெயரில் 60 ரிங்கிட். தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம்.

பெயர் ஒற்றுமையில் கவனம் வையுங்கள். அடையாள அட்டையில் முழுப்பெயர், அதன் பிறகு 'அ/லெ' போட்டு அப்பா பெயர். வங்கிக் கணக்கில் தலைப்பெழுத்தோடு சுருங்கிய பெயர். கிரானில் பழைய எழுத்துக்கூட்டல். இப்படி மூன்று தாளில் மூன்று விதமாக இருந்தால் அது ஒரே ஆள்தானா என்ற கேள்வி எழும். வங்கியில் பெயரை அடையாள அட்டைப்படி திருத்துவது சுலபம், அதை முதலில் செய்யுங்கள். கிரானில் எழுத்து மாறியிருந்தால், இரண்டும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் எழுதி ஆணையர் முன் கையெழுத்திட்டு இணையுங்கள். தூங்கிக் கிடக்கும் வங்கிக் கணக்கையும் எழுப்பி வையுங்கள். கடைசியாகப் பணம் போட்டு ஆண்டுகள் ஆனது என்றால் அது முடங்கியிருக்கும்.

எவ்வளவு கேட்பது: ஓர் ஏக்கர் கணக்கு

படிவத்தில் 'விதை 100 கிலோ, உரம் 10 மூட்டை' என்று தோன்றியதை எழுதக் கூடாது. அதிகாரி நிலத்தின் பரப்பை வைத்துத் தாமே கணக்குப் போடுவார். இரண்டும் ஒத்து வராவிட்டால் உங்களுக்குப் பயிர் தெரியாது என்று முடிவு செய்துவிடுவார். கணக்கு இப்படித்தான் போக வேண்டும்.

ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். வரிசைக்கு வரிசை 40 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 15 சென்டிமீட்டர் என்றால் ஒரு செடிக்கு 0.06 சதுர மீட்டர். வகுத்தால் சுமார் 67,000 குழிகள். வடிகாலும் நடைபாதையும் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், மீதி 60,000. குழிக்கு ஒரு பருப்பு. நூறு பருப்பு 45 கிராம் என்று வைத்தால் 27 கிலோ. முளைக்காதது, இடைநிரப்பு எல்லாம் சேர்த்து 35 கிலோ பருப்பு போதும். தோலோடு கேட்டால், உடைத்தபின் பத்தில் ஏழு பங்கு பருப்பு தேறும் என்பதால் 50 கிலோ. தோலோடு கேட்பதே மேல். உடைத்த பருப்பு நம் ஊர்ச் சூட்டிலும் ஈரக்காற்றிலும் முளைப்புத்திறனை வேகமாக இழக்கும். மானிய விதை வந்து கிடங்கில் இரண்டு மாதம் கிடந்தால் பாதி முளைக்காது.

பச்சைப்பயறு என்றால் வரிசை 30 சென்டிமீட்டர், செடி 10 சென்டிமீட்டர், ஏக்கருக்கு 8 கிலோ.

சுண்ணாம்பை மறக்கவே கூடாது. உரத்தைக் கேட்பவர்கள் பலர் சுண்ணாம்பைக் கேட்பதில்லை. நம் மண் பெரும்பாலும் புளிப்பு. கார அமில நிலை 4.5, 5 என்று இருக்கும் இடத்தில் கடலையின் வேரில் முடிச்சுப் போடும் நுண்ணுயிர் சரியாக வேலை செய்யாது. கடலைக்கு 5.5 முதல் 6.5 வரை வேண்டும். மாவட்ட அலுவலகம் மூலமாக மண்ணைச் சோதித்து முடிவை விண்ணப்பத்தோடு இணையுங்கள். அந்த ஒரு தாளே உங்கள் சுண்ணாம்புக் கோரிக்கைக்கு ஆதாரமாகிவிடும். 5க்குக் கீழே என்றால் மக்னீசியம் கலந்த சுண்ணாம்புத் தூள் ஏக்கருக்கு 800 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை 16. விதைப்பதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே மண்ணில் கலந்திருக்க வேண்டும்.

அடியுரம் 15:15:15 கலவை ஏக்கருக்கு 100 கிலோ, இரண்டு மூட்டை. இதற்கு மேல் நைட்ரஜன் கொடுத்தால் செடி தழைத்து இலையாக நிற்கும், காய் குறையும். பிறகு ஜிப்சம் 160 கிலோ. விதைத்த 40 முதல் 45ஆம் நாளில், பூத்து விழுது மண்ணுக்குள் இறங்கும் நேரத்தில், செடியின் அடியில் போட்டு மண் அணைக்க வேண்டும். கடலைக்காய்க்குச் சுண்ணாம்புச்சத்து வேர் வழியாகப் போவது போதாது. காயே மண்ணிலிருந்து நேராக உறிஞ்சும். ஜிப்சம் போடாத நிலத்தில் பொக்குக்காய் அதிகம் வருவதற்கு இதுதான் காரணம். பட்டியலில் ஜிப்சத்தைத் தனி வரியாக எழுதுங்கள். 'உரம்' என்று மொத்தமாக எழுதினால் கலவை உரம் மட்டும் வந்து நிற்கும்.

வேர்முடிச்சு நுண்ணுயிர்ப் பொட்டலம் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். முன்பு அவரைக் குடும்பப் பயிர் போடாத மண் என்றால் இது மிக அவசியம். கஞ்சியில் கரைத்து விதையில் புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும். பூஞ்சைமருந்து தடவிய விதையில் இதைக் கலந்தால் நுண்ணுயிர் செத்துவிடும்.

கருவிக்கு வருவோம். 20,000 ரிங்கிட் வரம்பு என்றதும் பலர் உழவு இயந்திரத்தைத்தான் முதலில் எழுதுகிறார்கள். ஓர் ஏக்கருக்கு அது தேவையில்லை. வாடகைக்கு வண்டி பிடித்து ஒரே நாளில் உழுதுவிடலாம். அந்த இடத்தில் உலர்த்தும் வசதியைக் கேளுங்கள். ஏக்கருக்கு 800 கிலோ உலர்ந்த காய் என்று எதிர்பார்த்தால், பிடுங்கியபோது ஈரத்தோடு அது 1,300 முதல் 1,400 கிலோ வரை இருக்கும். 5 சென்டிமீட்டர் கனத்தில் பரப்ப சுமார் 100 சதுர மீட்டர் இடமும் தார்ப்பாயும் வேண்டும். கூரையுள்ள பிளாஸ்டிக் கூடாரம் போட்டால் சட்டென்று வரும் மழைக்கும் பயமில்லை. முதுகில் சுமக்கும் 16 லிட்டர் தெளிப்பான் ஒன்று, ஈரமானி ஒன்று, தோல் உடைக்கும் கைக்கருவி ஒன்று. இவை அனைத்தும் அந்த வரம்புக்குள் அடங்கக்கூடிய, பயிருக்கு நேராக உதவக்கூடிய பட்டியல்.

ஒவ்வொரு பொருளுக்கும் விலைப்பட்டியல் வேண்டும், 'செபுட் ஹர்கா'. பதிவுள்ள கடையிலிருந்து, முத்திரையோடு, தேதியோடு, உங்கள் பெயருக்கு வாங்குங்கள். ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று கடையின் பட்டியல் இருந்தால் இன்னும் நல்லது. ஒப்புதல் வரும் முன் உங்கள் கைக்காசில் வாங்கிவிடாதீர்கள். வாங்கிய பொருளின் ரசீதைக் கொடுத்துப் பணம் கேட்கும் திட்டம் அல்ல இது.

மாதக் கணக்கு

பினாங்கில் மழை செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை வலுக்கும். ஏப்ரல், மே மாதங்களில் இன்னொரு சுற்று வரும். ஜனவரியும் பிப்ரவரியும் வறண்ட மாதங்கள். கடலை 100 முதல் 110 நாள் பயிர். அறுவடை வறண்ட மாதத்தில் விழ வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பின்னோக்கி எண்ணுங்கள். ஜனவரி நடுவில் பிடுங்க வேண்டும் என்றால் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முதல் வாரத்துக்குள் விதைக்க வேண்டும். ஆகஸ்ட் கடைசிக்குள் சுண்ணாம்பு மண்ணில் இறங்கியிருக்க வேண்டும். அப்படியானால் ஜூலைக்குள் பொருள் கைக்கு வந்தாக வேண்டும்.

மத்திய அரசின் வரவுசெலவுத் திட்டம் அக்டோபரில் தாக்கலாகிறது. ஒதுக்கீடு ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஆண்டுத் தொடக்கத்திலேயே தாள்களோடு நின்றவரின் கோப்பு முதல் சுற்றில் போகும். ஆகஸ்டில் போட்டவருக்கு ஒதுக்கீடு மிச்சம் இருந்தால்தான் உண்டு. கிடைத்தாலும் பொருள் டிசம்பரில் வரும்.

தாமதமாக வந்த பொருளைக் கண்டதும் உடனே விதைத்துவிடுவது பெரிய தவறு. ஜனவரியில் விதைத்தால் ஏப்ரல் மழையில் பிடுங்க வேண்டிவரும். ஈரத்தோடு குவிந்த கடலையில் அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகும். ஈரலைக் கெடுக்கும் நச்சு அது. வறுத்தாலும் அவித்தாலும் முழுதாகப் போகாது. நாட்டின் உணவு விதிமுறைகளில் அதற்கு உச்ச வரம்பு இருக்கிறது. வரம்பைத் தாண்டிய சரக்கை விற்பது குற்றம். அதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அதைவிட மோசம். தாமதமானால் சுண்ணாம்பையும் உரத்தையும் மரப்பலகை மேல், தரை ஈரம் படாமல் அடுக்கி வையுங்கள். கடலை விதையை அடுத்த பருவத்துக்கு மாற்றித் தரும்படி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். அதற்குள் 60, 65 நாளில் முடியும் பச்சைப்பயறைப் போடலாம். மே கடைசியில் விதைத்தால் ஜூலை முடிவில் அறுத்து உலர்த்தி, நவராத்திரிச் சுண்டலுக்கு விற்கலாம்.

அதிகாரி வந்து பார்க்கும் நாளும் அதன் பிறகும்

நிலத்தைப் பார்க்க வரும்போது களை மண்டிக் கிடக்கக் கூடாது. முழுவதும் உழத் தேவையில்லை. எல்லைக் கம்பு நட்டு, ஒரு மூலையிலாவது 20 சென்டிமீட்டர் உயரப் பாத்தி போட்டு வடிகால் வெட்டிக் காட்டுங்கள். கடற்கரையோரக் களிமண் என்றால் அதை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். களிமண்ணில் விழுது இறங்காது, பிடுங்கும்போது காய் மண்ணிலேயே நின்றுவிடும். அங்கே தட்டைப்பயறு நல்லது என்று அவரே மாற்றி எழுதக்கூடும். மணல் கலந்த மண் இருக்கும் பகுதியை மட்டும் கடலைக்கு ஒதுக்கிப் பரப்பைக் குறைத்து எழுதினாலும் தவறில்லை. முழு ஏக்கருக்கும் கேட்டு அரை ஏக்கரில் பயிர் நின்றால் அடுத்த முறை நம்ப மாட்டார்கள்.

பொருளை வாங்கும்போது எண்ணிப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். விதை வந்த அன்றே நூறு பருப்பை ஈரத்துணியில் சுற்றி வைத்து ஐந்தாம் நாள் எண்ணுங்கள். 80க்கு மேல் முளைத்தால் நல்லது. 60 என்றால் படம் எடுத்து உடனே அலுவலகத்தில் சொல்லுங்கள். விதைத்து முடித்துவிட்டு முளைக்கவில்லை என்றால் உங்கள் விதைப்பைத்தான் குறை சொல்வார்கள். மானியக் கருவியை விற்பதோ அண்ணன் தம்பிக்குக் கொடுப்பதோ கூடாது. கண்காணிப்புக்கு வரும்போது அது அங்கே இருக்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். என்று என்ன செய்தோம், எந்த மருந்து, எத்தனை மில்லி, எவ்வளவு விளைச்சல், யாருக்கு விற்றோம் என்று தேதியோடு எழுதுங்கள். மைகேப் எனும் நல்விவசாய நடைமுறைச் சான்றிதழுக்கும் இதே நோட்டுதான் அடிப்படை. 2013இல் தொடங்கிய இந்தச் சான்றிதழை விவசாய இலாகா கட்டணமின்றித் தருகிறது. களைக்கொல்லி விஷயத்தில் எச்சரிக்கை: பராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. கொட்டகை மூலையில் பழைய போத்தல் கிடந்தால் சான்றிதழ் ஆய்வில் அதுவே தடையாகும்.

அறுவடையான காயைத் தரையில் போடாமல் தார்ப்பாயில் பரப்பி, தினமும் கிளறி, ஈரம் 8 விழுக்காட்டுக்கு வரும்வரை உலர்த்துங்கள். ஈரமானி இல்லாவிட்டால் காயைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே பருப்பு குலுங்க வேண்டும். விளைச்சலில் ஒரு பகுதியைப் பிடுங்கிய அன்றே பச்சைக்காயாக அவிக்க விற்றுவிடுவது புத்திசாலித்தனம். உலர்த்தும் சுமை குறையும். ஜனவரி அறுவடை பொங்கலையும் தைப்பூசத்தையும் ஒட்டி வருகிறது. அந்த வாரங்களில் அவித்த கடலைக்கு நம் ஆட்களிடம் தேவை இருக்கும். மீதியை அரசின் வேளாண் சந்தைப்படுத்தல் அமைப்பான ஃபாமாவின் உழவர் சந்தையிலோ, ஒப்பந்தப் பயிரிடல் திட்டத்திலோ விற்க முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். வாங்குகிறவரின் கடிதம் ஒன்று முதலிலேயே கிடைத்தால் அதை மானிய விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

கடன் என்றால் கடன்தான்

மானியத்தோடு சேர்த்து அறிவிக்கப்படும் பல திட்டங்கள் உண்மையில் கடன். திருப்பிக் கட்ட வேண்டும் என்று தெரிந்தே எடுங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் வேளாண் உணவு நிதி, சிறு நடுத்தர நிறுவனங்களுக்கு 50 லட்சம் ரிங்கிட் வரை, ஆண்டுக்கு 3.75 விழுக்காட்டுக்கு மிகாமல், 8 ஆண்டு தவணையில் வங்கிகள் வழியாகத் தரப்படுகிறது. ஓர் ஏக்கர்க்காரருக்கு இது பெரிது. பத்து ஏக்கர் எடுத்துக் கூட்டாகச் செய்கிறவர்கள் பார்க்கலாம். அக்ரோ பேங்கில் சிறுகடன் உண்டு. இந்தியச் சமூகத்துக்கென்று, சிறுதொழில் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குன் நேஷனலில் ஸ்பூமி கடன் திட்டம் இருக்கிறது. பெண்களுக்கு, சிறுகடன் அமைப்பான அமானா இக்தியாரின் 'பெண்' கடன் திட்டம் 2024இல் வந்தது. ஒரு முக்கியமான கணக்கு: கடலைக்குக் காசு நாலாம் மாதத்தில்தான் வரும். முதல் மாதத்திலிருந்தே தவணை கட்டும் கடனை எடுத்தால் வீட்டுச் செலவிலிருந்து எடுத்துக் கட்ட நேரும். அறுவடைக்குப் பிறகு தவணை தொடங்குமா என்று முதலில் கேளுங்கள்.

டீசல் விலை 2024 ஜூன் 10ஆம் தேதி மாற்றப்பட்டபோது, பதிவுள்ள சிறு விவசாயிகளுக்கு மாதம் 200 ரிங்கிட் என்று புடி எனும் ரொக்க உதவி அறிவிக்கப்பட்டது. விவசாயப் பதிவு இருந்தவர்களால்தான் அதைப் பெற முடிந்தது. பதிவை முதலில் செய்யச் சொல்வது இதற்காகவும்தான்.

வெள்ளம் வந்தால், விபத்து நடந்தால்

அக்டோபர், நவம்பரில் நீர் நின்று பயிர் அழுகினால் தண்ணீர் வடியும்வரை காத்திருக்காதீர்கள். அன்றே இடம் தெரியும்படி படமெடுத்து, நட்ட தேதி, பரப்பு, செலவு ரசீதுகளோடு மாவட்ட விவசாய அலுவலகத்தில் அறிக்கை கொடுங்கள். அதிகாரி சேதத்தைக் கண்ணால் பார்க்கும் முன் நீங்கள் உழுது அழித்துவிட்டால் நிரூபிக்க எதுவும் மிஞ்சாது.

உங்கள் உடம்புக்கும் காப்பு வேண்டும். சொந்தத் தொழில் செய்வோருக்கான 2017ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் 2020 முதல் விவசாயமும் சேர்ந்திருக்கிறது. சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவில் ஆண்டுச் சந்தா கட்டினால் வயலில் நடக்கும் விபத்துக்கு மருத்துவமும் ஊனத்துக்கு இழப்பீடும் உண்டு. சந்தாவின் ஒரு பகுதியை அரசே ஏற்கும் சலுகை அவ்வப்போது வருகிறது. கட்டும் முன் அந்த ஆண்டின் சலுகையை விசாரியுங்கள்.

விற்பனை வருமானத்தை வணிக வருமானமாக வருமான வரியின் பி படிவத்தில் ஜூன் 30க்குள் காட்ட வேண்டும். ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருங்கள். நிலத்தைச் சுத்தம் செய்யவும் பாதை போடவும் செலவழித்தது வருமான வரிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி ஆண்டுக்குப் பாதியாகக் கழிக்கக்கூடியது. அரசு தந்த பொருளின் மதிப்பை அந்தச் செலவில் சேர்க்காதீர்கள், உங்கள் கையிலிருந்து போனதை மட்டும் எழுதுங்கள்.

பிப்ரவரியில் கடலை மூட்டை கட்டியதும் செய்ய வேண்டிய முதல் வேலை: விளைச்சல் எடை, விற்ற ரசீது, படங்கள் மூன்றையும் ஒரே தாளில் ஒட்டி, மாவட்ட அலுவலகத்தில் உங்களைப் பார்க்க வந்த அதிகாரியிடம் கொடுத்துவிட்டு, புதுப்பித்த நிலத்தாளோடு அடுத்த பருவத்துக்கான படிவத்தையும் அப்போதே வாங்கி வாருங்கள்.